டிரான்சிஸ்டரும் பழசு, கெபாசிட்டரும் பழசு, அப்புறம் அனலாக் ஐசியில 'கண்டுபிடிப்பு'ன்னா எது?

உங்க கேள்வியை நான் புரிஞ்சுகிட்டது இப்படி. அனலாக் (தொடர்ச்சியா மாறுற வோல்டேஜோட வேலை செய்யிறது), மிக்ஸ்டு சிக்னல் (அனலாக்கும் டிஜிட்டலும் கலந்தது) ஐசி, அதாவது சிப், டிசைன்ல வருஷா வருஷம் இவ்ளோ பேட்டண்ட் வருது, ஆனா உள்ள திறந்து பாத்தா அதே டிரான்சிஸ்டர், அதே ரெசிஸ்டர், அதே கெபாசிட்டர், காலேஜ்ல படிச்ச அதே டிஃபரன்ஷியல் பேர், இதுல புதுசா என்ன கண்டுபிடிக்கிறாங்க, பழசையே மாத்தி மாத்தி அடுக்கிட்டு பேர் வைக்கிறாங்களான்னு கேட்டிருக்கீங்க. கூடவே, இனிமே இந்த ஃபீல்டுக்கு வர்றவனுக்கு ஏதாவது மிச்சம் இருக்கான்னும் ஒரு வரி. அந்த கடைசி வரிதான் உண்மையான கேள்வின்னு நினைக்கிறேன், ஆனா முதல் பாதிக்கு பதில் சொல்லாம அதுக்கு போக முடியாது.

நான் பல வருஷமா டேட்டா கன்வெர்ட்டரும் (சிக்னலை டிஜிட்டல் எண்ணாவும், எண்ணை திரும்ப சிக்னலாவும் மாத்துற சர்க்யூட்) அதைச் சுத்தி இருக்குற ரெஃபரன்ஸ், ஆம்ப்ளிஃபையர் வேலையும் பாக்குறவன். ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) பக்கம் எனக்கு மேலோட்டமாத்தான் பழக்கம், பவர் மேனேஜ்மெண்ட் அதைவிட கொஞ்சம் கம்மி, பேட்டண்ட் சட்டம் ஒரு டிசைனருக்கு தெரியிற அளவுதான். அதனால கீழ சொல்றதுல கன்வெர்ட்டர் வாடை தூக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கணும், ஃபேப்ல (சிப் தயாரிக்கிற தொழிற்சாலை) இருந்து நமக்கு என்ன ஒழுங்கா வருது, என்ன ஒழுங்கா வராது. சிலிக்கான் மேல நீங்க 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வரைஞ்சா 8ல இருந்து 12 வரைக்கும் எது வேணாலும் வரலாம், பிளஸ் மைனஸ் 20 சதவீதம் சாதாரணம். கெபாசிட்டரும் 10, 15 சதவீதம் தள்ளும். டிரான்சிஸ்டரோட த்ரெஷோல்டு (அது ஆன் ஆகுற வோல்டேஜ்), கெயின் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குதுங்கறது) எல்லாம் வேஃபருக்கு வேஃபர் ஆடும், சூட்டுக்கு ஆடும். ஆனா அதே சிப்புல பக்கத்துல பக்கத்துல ஒரே மாதிரி வரைஞ்ச ரெண்டு கெபாசிட்டரை எடுத்தா ரெண்டும் 0.1 சதவீதத்துக்குள்ள ஒத்துப்போகும், லேஅவுட் கவனமா பண்ணா அதைவிட நல்லா. அதாவது ஒண்ணோட மதிப்பு நம்ப முடியாது, ரெண்டோட விகிதம் நம்பலாம். கிரிஸ்டல்ல இருந்து வர்ற கிளாக்கை நம்பலாம். இயற்பியல் மாறிலிகளை நம்பலாம், போல்ட்ஸ்மேன் மாறிலி எந்த ஃபேப்லயும் மாறாது. என் பார்வையில அனலாக் ஐசியோட பெரிய கண்டுபிடிப்புல பெரும்பாலானது ஒரே வேலையைத்தான் செஞ்சிருக்கு: அவுட்புட் எதை நம்பி நிக்குதோ அதை மாத்தியிருக்கு. ஃபேப் கெடுக்குற ஒண்ணு மேல நின்னுட்டு இருந்ததை, ஃபேப்பால கெடுக்க முடியாத ஒண்ணு மேல தூக்கி வச்சிருக்கு. பார்ட்ஸ் அதேதான், பாரம் இறங்குற இடம்தான் வேற.

இதுக்கு மூத்த உதாரணம் ஐசிக்கே முந்தினது. 1927 ஆகஸ்ட் 2ம் தேதி ஹாரல்டு பிளாக்னு பெல் லேப்ஸ் இன்ஜினியர் ஹட்சன் நதியில ஃபெர்ரியில வேலைக்கு போறப்ப கையில இருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கத்துலயே நெகடிவ் ஃபீட்பேக் (அவுட்புட்ல ஒரு பங்கை இன்புட்ல இருந்து கழிக்கிறது) ஆம்ப்ளிஃபையரை வரைஞ்சாரு. டிரான்சிஸ்டருக்கு முந்தின வால்வோட கெயின் வயசாக ஆக மாறும், டிஸ்டார்ட் ஆகும், அதை நம்ப முடியாது. அதனால தேவைக்கு மேல கெயினை வேணும்னே கட்டி, அதை ஃபீட்பேக்ல செலவழிச்சா, மிஞ்சுற கெயின் ரெண்டு பாசிவ் பார்ட்டோட விகிதமா ஆயிடும். கஷ்டப்பட்டு கட்டுன கெயினை யாராவது வீணாக்குவாங்களான்னு அன்னைக்கு யாருக்கும் நம்பிக்கை வரல, 1928ல போட்ட விண்ணப்பத்துக்கு 1937லதான் பேட்டண்ட் கிடைச்சது. சர்க்யூட்ல புது பார்ட் எதுவும் கிடையாது பாருங்க.

ஐசி காலத்துக்கு வந்தா, பலருக்கு தெரியாத ஒரு விஷயம், 1958 செப்டம்பர் 12ம் தேதி ஜாக் கில்பி டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்ல ஓட்டிக் காட்டுன மொதல் ஐசியே அனலாக்தான், ஜெர்மேனியம் துண்டுல ஒரு ஃபேஸ் ஷிஃப்ட் ஆசிலேட்டர். ஆனா 'ஐசிக்குன்னே யோசிக்கிறது'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சது டிசைனர் பாப் விட்லர்கிட்டதான்னு சொல்லணும். ஃபேர்சைல்டுல 1964ல 702, 1965ல 709 ஆப்ஆம்ப் (ஃபீட்பேக் வச்சு பயன்படுத்துற அதிக கெயின் ஆம்ப்ளிஃபையர்), அப்புறம் நேஷனல் செமிகண்டக்டர்ல 1967ல எல்எம்101. அதுக்கு முன்னாடி இருந்தவங்க போர்டு மேல தனித்தனி பார்ட்ஸ் வச்சு பண்ணதை அப்படியே சின்னதாக்கி சிப்புல வைக்கப் பாத்தாங்க. போர்டுல ரெசிஸ்டர் மலிவு, டிரான்சிஸ்டர் காசு. சிப்புல தலைகீழ், பெரிய ரெசிஸ்டர் இடத்தை முழுங்கும், டிரான்சிஸ்டர் கிட்டத்தட்ட ஓசி, அதுவும் பக்கத்து டிரான்சிஸ்டரோட ஒத்துப்போற டிரான்சிஸ்டர்.

விட்லரோட கரண்ட் சோர்ஸை (நிலையான கரண்ட் குடுக்குற சர்க்யூட்) எடுத்துக்கோங்க, கணக்கு போட்டாதான் அழகு புரியும். 15 வோல்ட் சப்ளையில 10 மைக்ரோஆம்பியர் வேணும். சாதாரண மிரர்னா (ஒரு டிரான்சிஸ்டரோட கரண்டை பக்கத்து டிரான்சிஸ்டர்ல பிரதி எடுக்குற சர்க்யூட்) ரெசிஸ்டர் மேல 14.3 வோல்ட் மாதிரி விழும், அப்ப 1.43 மெகா ஓம் வேணும், அந்த காலத்து பிராசஸ்ல அது சிப்பைவிட பெருசு. அவரு என்ன பண்ணாரு, ஒரு பக்கம் 1 மில்லிஆம்பியர் ஓட விட்டாரு, மிரரோட அவுட்புட் டிரான்சிஸ்டர் எமிட்டர்ல மட்டும் ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டாரு. ரெண்டு டிரான்சிஸ்டரோட பேஸ் எமிட்டர் வோல்டேஜ் (பேஸ், எமிட்டர்ங்குற ரெண்டு காலுக்கு நடுவுல இருக்குறது) வித்தியாசம்தான் அந்த ரெசிஸ்டர் மேல விழும், அது 26 மில்லிவோல்ட்டை (அறை வெப்பத்துல டிரான்சிஸ்டரோட இயற்பியல் குடுக்குற எண்) 100ஓட (ரெண்டு கரண்டோட விகிதம்) லாகரிதத்தால பெருக்குனா வர்ற 120 மில்லிவோல்ட். 120 மில்லிவோல்ட்டுக்கு 10 மைக்ரோஆம்பியர்னா 12 கிலோ ஓம் போதும். 1.43 மெகா எங்க, 12 கிலோ எங்க. சேத்தது ஒரே ஒரு ரெசிஸ்டர். இதை 'பழசை மாத்தி அடுக்குறது'ன்னு சொன்னா சொல்லலாம்தான், ஆனா ரெண்டு டிரான்சிஸ்டரும் ஒரே சூட்டுல ஒரே மாதிரி இருக்கும்னு நம்புனாதான் இது வேலை செய்யும், போர்டு மேல யாரும் துணிஞ்சு இதைச் செஞ்சிருக்க மாட்டாங்க. 1968ல டேவ் ஃபுல்லகர் 741 ஆப்ஆம்ப்ல பண்ணதும் இதே ரகம்தான், எல்எம்101க்கு வெளிய இருந்து போட வேண்டிய 30 பிகோஃபாரட் கெபாசிட்டரை சிப்புக்குள்ளயே கொண்டு வந்தாரு. பேப்பர்ல பாத்தா சாதாரணம். ஆனா வாங்குறவன் இனிமே ஸ்டெபிலிட்டி (சர்க்யூட் தானா ஆசிலேட் ஆகாம இருக்குறது) பத்தி யோசிக்கவே தேவையில்லன்னு ஆனதும்தான் ஆப்ஆம்ப் எல்லார் கைக்கும் போச்சு.

பேண்ட்கேப் ரெஃபரன்ஸ்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, கொஞ்சம் நின்னு சொல்றேன். சிப்புக்குள்ள சூட்டுக்கு நகராத ஒரு வோல்டேஜ் வேணும், ஆனா உள்ள இருக்குற எல்லாமே சூட்டுக்கு நகருது. பேஸ் எமிட்டர் வோல்டேஜ் ஒரு டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட் குறையும், அது எவ்ளோ நிச்சயமா குறையும்னா தெர்மாமீட்டராவே பயன்படுத்தலாம். இன்னொரு பக்கம், ஒரே கரண்ட்ல ஓடுற ரெண்டு டிரான்சிஸ்டர்ல ஒண்ணு 8 மடங்கு பெருசுன்னா ரெண்டோட பேஸ் எமிட்டர் வித்தியாசம் அறை வெப்பத்துல 54 மில்லிவோல்ட், அது டிகிரிக்கு 0.18 மில்லிவோல்ட் கூடும், இதுல ஃபேப்போட கை எதுவும் இல்ல, போல்ட்ஸ்மேன் மாறிலியும் எலக்ட்ரான் சார்ஜும் 8ங்குற விகிதமும்தான். இதை 11ஆல பெருக்கி மொதல் வோல்டேஜோட கூட்டுனா ஏறுறதும் இறங்குறதும் அடிபட்டு போயிடும், மிஞ்சுறது 1.2 சில்லறை வோல்ட். அந்த எண் சிலிக்கானோட பேண்ட்கேப் (எலக்ட்ரான் விடுபட தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி), நாம தேர்ந்தெடுத்தது இல்ல, பொருளே குடுக்குறது. நகர்ற ரெண்டை சேத்து நகராத ஒண்ணை உண்டாக்குறதுன்னு யோசிக்கிறதுக்கு புது பார்ட் எதுக்கு? (8 ஏன்னு யாராவது கேப்பாங்க: மூணுக்கு மூணு கட்டத்துல நடுவுல ஒண்ணு, சுத்தி எட்டு வச்சா ரெண்டோட மையமும் ஒரே புள்ளியில விழும், சிப்புல ஒரு ஓரம் சூடா இருந்தாலும் ரெண்டுக்கும் சராசரி ஒண்ணுதான்.)

இந்த இடத்துல எது உறுதி, எது தகராறுன்னு பிரிச்சு சொல்லிடறேன். டேவிட் ஹில்பைபர் ஃபேர்சைல்டுல இருந்து 1964லயே இந்த தத்துவத்தை வெளியிட்டாருங்கறது உறுதி. விட்லர் 1971ல அதை சிப்புக்கு ஏத்த மாதிரி எழுதுனாரு, பால் புரோக்கா 1974ல அனலாக் டிவைசஸ்ல இருந்து ரெண்டு டிரான்சிஸ்டரும் ஒரு ஆப்ஆம்பும் வச்ச வடிவத்தை குடுத்தாரு, இதுவும் உறுதி. 'பேண்ட்கேப்பை கண்டுபிடிச்சது யாரு'ங்குற கேள்விக்கு ஒத்தப் பேரா பதில் சொல்றவங்களை நான் நம்ப மாட்டேன். தத்துவம் ஒருத்தர், தயாரிக்க முடியிற சர்க்யூட் ஒருத்தர், எல்லாரும் காப்பி அடிக்கிற வடிவம் இன்னொருத்தர், அனலாக்ல முக்கால்வாசி கதை இப்படித்தான் போகும். பின்னாடி சப்ளையே 1 வோல்ட்டுக்கு கீழ போனப்ப 1.2 வோல்ட்டை எங்க வைக்கிறதுன்னு ஒரு முட்டுச்சந்து வந்துது, பான்பாவும் கூட்டாளிகளும் 1999ல வோல்டேஜா கூட்டாம கரண்டா கூட்டி அப்புறம் ரெசிஸ்டர்ல இறக்கி வேண்டிய வோல்டேஜா எடுத்தாங்க. முப்பது வருஷம் ஆன சர்க்யூட், எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்ச இடத்துலதான் அது வந்துச்சு, உங்க கடைசி வரிக்கு இதுவும் ஒரு பதில்.

அடுத்து ஸ்விட்ச்டு கெபாசிட்டர். ஃபில்டர் பண்ணணும்னா ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் பெருக்குனா வர்ற நேரம் துல்லியமா வேணும், ஆனா ரெசிஸ்டர் ஒரு பக்கம் 20 சதவீதம், கெபாசிட்டர் ஒரு பக்கம் 15 சதவீதம், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம ஆடும், டெலிபோன் ஃபில்டர் மாதிரி ஒண்ணை சிப்புல பண்ணவே முடியாதுன்னு இருந்துச்சு. 1 பிகோஃபாரட் கெபாசிட்டரை செகண்டுக்கு ஒரு லட்சம் தடவை இங்கிட்டும் அங்கிட்டும் ஸ்விட்ச் பண்ணா அது 10 மெகா ஓம் ரெசிஸ்டர் மாதிரி நடந்துக்கும். இந்த சமன்பாடு மேக்ஸ்வெல் 1873லயே எழுதினது. நூறு வருஷம் கழிச்சு 1977ல பெர்க்லியில பிரோடர்சன், கிரே, ஹாட்ஜஸ் குழுவும், கனடாவுல கார்ல்டன்ல கேவ்ஸ், கோப்லாண்ட் குழுவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல இதை மாஸ் (MOS, கேட்ங்குற காலோட வோல்டேஜால கரண்டை ஆளுற டிரான்சிஸ்டர் வகை) சிப் ஃபில்டரா ஆக்குனாங்க. இப்ப நேரம் எதை நம்பி இருக்குன்னா ரெண்டு கெபாசிட்டரோட விகிதம், அப்புறம் கிளாக். ரெண்டும் தங்கம். மாஸ் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரா பைபோலரைவிட (மேல சொன்ன பேஸ் எமிட்டர் வகை) மோசம்னு அப்ப எல்லாரும் மட்டமா பாத்துட்டு இருந்தாங்க, ஆனா ஸ்விட்சா அதுக்கு ஈடு கிடையாது, கேட்ல கரண்ட் போகாததால சார்ஜை அப்படியே பிடிச்சு வச்சுக்கும். மோசமான ஆம்ப்ளிஃபையர்னு பாக்காம நல்ல ஸ்விட்ச்னு பாத்தவங்க ஜெயிச்சாங்க.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1975ல, மெக்கிரியரியும் கிரேயும் இதே குணத்தை வச்சு சார்ஜ் ரீடிஸ்ட்ரிப்யூஷன் ஏடிசி (வோல்டேஜை டிஜிட்டல் எண்ணா மாத்துற சர்க்யூட்) பண்ணியிருந்தாங்க. தராசுல எடைக்கல்லை பெருசுல இருந்து ஒண்ணொண்ணா வச்சு, கூடினா எடுத்து, குறைஞ்சா விட்டு, அடுத்த சின்ன கல்லை வைக்கிறோமே, அதே முறைதான், இங்க கல்லுக்கு பதில் 1, 2, 4, 8னு இரட்டிக்கிற கெபாசிட்டர்கள். முறை பழசு, ஆனா இன்புட்டை பிடிச்சு வைக்கிறதுக்கும் ஒப்பிடுற வோல்டேஜை உண்டாக்குறதுக்கும் ஒரே கெபாசிட்டர் வரிசையை பயன்படுத்துனதுதான் இவங்க யோசனை. இன்னைக்கு மைக்ரோகண்ட்ரோலர்ல இருக்குற ஏடிசியில பெரும்பாலானது இதோட பேரப்பிள்ளைங்கதான்.

டெல்டா சிக்மாங்குற கன்வெர்ட்டர் முறை இன்னும் ஒரு படி மேல, அது விகிதத்தைக் கூட நம்ப வேண்டாங்குது. 16 பிட் வேணும்னா விகிதம் 65536ல ஒரு பங்கு சரியா இருக்கணும், லேஅவுட்ல தலைகீழா நின்னாலும் தானா வராது. அப்ப என்ன பண்றது, ஒரே ஒரு பிட் வச்சு ரொம்ப வேகமா எடு, ஒவ்வொரு தடவையும் பண்ண தப்பை சேத்து வச்சு அடுத்த தடவையில கழி. ஒரு பிட் டிஏசிக்கு (எண்ணை வோல்டேஜா மாத்துறது) ரெண்டே லெவல், ரெண்டு புள்ளி வழியா எப்பவும் ஒரு நேர்கோடு போகும், அதனால அது வளையவே வளையாது. குவாண்டைசேஷன் இரைச்சல் (வோல்டேஜை கிட்ட இருக்குற எண்ணுக்கு ரவுண்டு பண்றதால வர்ற தப்பு) காணாம போகல, நமக்கு வேண்டாத உயர் அதிர்வெண் பக்கம் தள்ளப்படுது, அங்க டிஜிட்டல் ஃபில்டர் வச்சு வெட்டிடலாம். ரெண்டாம் ஆர்டர்னா (தப்பை ரெண்டு அடுக்கா சேத்து வைக்கிற வகை) வேகத்தை ஒவ்வொரு தடவை இரட்டிச்சாலும் 2.5 பிட் கூடுதலா கிடைக்கும். பெல் லேப்ஸ்ல கட்லர் 1954ல போட்ட பேட்டண்ட்ல தப்பை திருப்பிக் குடுக்குற யோசனை இருக்கு, டோக்கியோ பல்கலையில இனோசே, யசுதா, முராகாமி 1962ல டெல்டா சிக்மாங்குற பேரோடயே வெளியிட்டாங்க. ஆனா ஆடியோ சிப்பா கடைக்கு வந்து மத்ததை ஓரங்கட்டுனது 80களோட கடைசியிலதான். கால் நூற்றாண்டு ஏன் சும்மா கிடந்துச்சுன்னா பின்னாடி வர்ற டிஜிட்டல் ஃபில்டர் அப்ப கட்டுப்படியாகாது. யோசனை ரெடி, அது நம்புற பொருள் இன்னும் மலிவாகல. பழைய பேட்டண்ட் படிக்கிறது டைம் வேஸ்ட்னு நினைக்கிறவங்களுக்கு இதைத்தான் காட்டுவேன், அன்னைக்கு செலவாச்சுன்னு ஒதுக்குனது இன்னைக்கு ஓசியா இருக்கலாம்.

90களுக்கு அப்புறம் எது மலிவாச்சுன்னு பாருங்க, டிஜிட்டல் கேட், அப்புறம் டிரான்சிஸ்டரோட வேகம். அதே சமயம் சப்ளை வோல்டேஜ் சுருங்கிடுச்சு, ஆம்ப்ளிஃபையருக்கு கெயின் கிடைக்கிறது குதிரைக்கொம்பு ஆயிடுச்சு. பைப்லைன் ஏடிசியில (ஸ்டேஜ் ஸ்டேஜா சில பிட்டா மாத்துற வகை) 1987ல லூயிஸும் கிரேயும் காட்டுன டிஜிட்டல் கரெக்ஷன், அப்புறம் பிரபலமான ஒண்ணரை பிட் ஸ்டேஜ், ரெண்டுலயும் விஷயம் என்னன்னா கம்பேரேட்டர் (ரெண்டு வோல்டேஜ்ல எது பெருசுன்னு சொல்றது) தப்பா முடிவு எடுத்தாலும் பரவாயில்ல, ரெஃபரன்ஸ்ல கால் பங்கு வரைக்கும் தப்பலாம், அடுத்த ஸ்டேஜ்ல அது தெரிஞ்சுடும், கூட்டும்போது சரியாயிடும். 2003ல முர்மானும் போசரும் இன்னும் தைரியமா, ஆம்ப்ளிஃபையரையே ஃபீட்பேக் இல்லாம மட்டமா கட்டி அதோட வளைவை டிஜிட்டல்ல நிமித்துனாங்க. பிளாக் சொன்னதுக்கு நேர் எதிர், ஆனா அதே தர்க்கம், இப்ப எது மலிவோ அதுகிட்ட வேலையைக் குடு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்ல ஸ்டாஷெவ்ஸ்கி குழு 2000களோட தொடக்கத்துல ஆல் டிஜிட்டல் பிஎல்எல் (ஆசிலேட்டரை ஒரு ரெஃபரன்ஸ் கிளாக்கோட பூட்டி வைக்கிற சர்க்யூட்) பண்ணப்ப வச்ச வாதமும் இதுதான், சின்ன பிராசஸ்ல வோல்டேஜை துல்லியமா அளக்குறதைவிட ஒரு எட்ஜ் (சிக்னல் ஏறுற இல்ல இறங்குற கணம்) எப்ப வருதுன்னு நேரத்தை அளக்குறது சுலபம். 2012ல ஹெர்ஷ்பெர்க்கும் அன்கூ மூனும் ரிங் ஆம்ப்ளிஃபையர் கொண்டு வந்தாங்க, ஆசிலேட் ஆக வேண்டிய ரிங் ஆசிலேட்டரை நடுவுல பிளந்து ஒரு டெட் சோன் (ரெண்டு பக்கமும் கரண்ட் குடுக்காத இடைவெளி) வச்சு செட்டில் ஆக வச்சுட்டாங்க, பாக்குறப்ப குறும்புத்தனம் மாதிரி இருக்கும்.

எல்லாமே 'அவுட்புட் எதை நம்பி நிக்குது'ங்குற இந்த அச்சுல அடங்கிடும்னு சொல்ல வரல. பேரி கில்பர்ட் டெக்ட்ரானிக்ஸ்ல இருந்தப்ப 1968ல வெளியிட்ட பெருக்கல் சர்க்யூட் டிரான்சிஸ்டரோட எக்ஸ்பொனன்ஷியல் வளைவை ஒழிக்கப் பாக்காம அதையே கணக்கு போட வச்சுது. முன்னாடி ஒரு டையோடு ஜோடியால சிக்னலை வேணும்னே வளைச்சு, பின்னாடி டிரான்சிஸ்டர் எதிர்ப்பக்கம் வளைக்க, கூட்டிக் கழிச்சா நேர். இதை என் அச்சுக்குள்ள இழுத்து பிடிச்சு அடைக்கலாம், ஆனா உண்மையில அது வேற மாதிரி புத்தி, குறையை மறைக்காம குறையையே வேலைக்காரனா ஆக்குறது. இதுலயும் முன்னுரிமை சிக்கல் உண்டு, 'கில்பர்ட் செல்'னு மிக்சரா (ரெண்டு சிக்னலை பெருக்கி அதிர்வெண்ணை மாத்துறது) நாம வரையிற அந்த ஆறு டிரான்சிஸ்டர் வடிவம் ஹோவர்ட் ஜோன்ஸ் 1963ல போட்ட பேட்டண்ட்லயே இருக்கு. நேர்ப்படுத்துற அந்த முன்பகுதியும் அதுக்குப் பின்னாடி இருக்குற டிரான்ஸ்லீனியர் (எக்ஸ்பொனன்ஷியல் வளைவையே கணக்கு போட வைக்கிற) தத்துவமும் கில்பர்ட்டோடதுங்கறதுல சந்தேகம் இல்ல. பேர் ஒட்டுறது ஒரு இடம், உழைப்பு இருக்குறது இன்னொரு இடம். அதே டெக்ட்ரானிக்ஸ்ல ஜார்ஜ் வில்சனும் கில்பர்ட்டும் மூணே டிரான்சிஸ்டர்ல யாரு நல்ல மிரர் பண்றான்னு ராத்திரிக்குள்ள முடிக்கிற போட்டி வச்சு வில்சன் ஜெயிச்சாருன்னு ஒரு கதை சொல்வாங்க. அந்த ராத்திரிக் கணக்கை கதையாவே வச்சுக்கோங்க, வில்சன் மிரர் 1967ல வந்ததுங்கறது மட்டும் வரலாறு.

யோசனையால தாண்டவே முடியாத சுவரும் இருக்கு, அதையும் சொல்லணும், இல்லனா எல்லாத்தையும் கெட்டிக்காரத்தனத்தால வெல்லலாம்னு தோணிடும். 1 பிகோஃபாரட்ல ஒரு வோல்டேஜை சாம்பிள் பண்ணா (ஒரு கணத்துல பிடிச்சு வச்சா) அறை வெப்பத்துல 64 மைக்ரோவோல்ட் இரைச்சல் ஒட்டிக்கும். 1 வோல்ட் ரேஞ்சுல 12 பிட்டோட குவாண்டைசேஷன் இரைச்சல் 70 மைக்ரோவோல்ட், அப்ப 1 பிகோ ஏறக்குறைய போதும். அதையே 16 பிட்டுக்கு போனா 200 பிகோவுக்கு மேல வேணும், அதை சார்ஜ் பண்ண கரண்ட் வேணும். ஓவர்சாம்பிள் பண்ணி பங்கு போட்டுக்கலாம், சாம்பிள் பண்றதையே தள்ளிப் போடலாம், இரைச்சலை அளந்து கழிக்கிற வித்தையும் வந்திருக்கு, ஆனா மொத்த சக்திக் கணக்குல ஏதாவது ஒரு இடத்துல அதுக்கு பில் வரும். பெல்கிராம் 1989ல காட்டுனதும் இப்படித்தான், மிஸ்மேட்ச் (ஒரே மாதிரி வரைஞ்ச ரெண்டு பார்ட்டுக்குள்ள வர்ற வித்தியாசம்) பாதியாகணும்னா பரப்பு நாலு மடங்கு. ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: மிஸ்மேட்ச் சிப் பிறந்ததுல இருந்து நிலையா அப்படியே இருக்கும், அதனால அளந்து சரி பண்ணலாம். தெர்மல் (வெப்பத்தால வர்ற) இரைச்சல் ஒவ்வொரு தடவையும் வேற, முன்கூட்டியே அளந்து வச்சுக்க முடியாது. ஒரு பேப்பர் 'நாங்க இரைச்சலை ஒழிச்சோம்'னா எங்க தள்ளினாங்கன்னு மட்டும் தேடுங்க.

பேட்டண்ட் பத்தி. டிசைனரா எனக்கு தெரிஞ்சது இவ்ளோதான்: பார்ட்ஸ் புதுசா இருக்கணும்னு எந்த சட்டமும் கேக்கல, சேர்க்கை புதுசா இருக்கணும், அந்த துறையில தேர்ந்த ஒருத்தருக்கு அது சட்டுனு தோணக்கூடியதா இருக்கக்கூடாது. ரெண்டாவதுலதான் சண்டை நடக்கும், ஏன்னா நல்ல அனலாக் யோசனை சொன்னப்புறம் எல்லாருக்கும் 'அட இதானா'ன்னுதான் தோணும். விட்லரோட ஒத்த ரெசிஸ்டரை பாத்து இன்னைக்கு ரெண்டாம் வருஷ மாணவன் இதுல என்ன இருக்குன்னு கேப்பான். நீங்க பாக்குற பேட்டண்ட் குவியல்ல நிறைய சின்ன சின்ன மாற்றம்தான்னு நீங்க சந்தேகப்படுறது சரி, பெரும்பாலானது வேலி போடுறதுக்காக எழுதுனது, போட்டியாளன் அந்தப் பக்கம் வராம இருக்க. எவ்ளோ சதவீதம்னு என்னால சொல்ல முடியாது, சொல்றவங்களும் அவங்க அனுபவத்தை வச்சுதான் சொல்வாங்க. ஆனா ஒண்ணு நடைமுறையில முக்கியம்: பெரும்பாலான நாடுகள்ல மொதல்ல மாநாட்டுல பேப்பர் போட்டுட்டு அப்புறம் விண்ணப்பிச்சா புதுமை போச்சு, அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மாதிரி சில நாடுகள்ல கண்டுபிடிச்சவர் வெளியிட்டதுக்கு அப்புறம் ஒரு வருஷம் சலுகை உண்டு. ஆராய்ச்சி மாணவரா இருந்தா இதை உங்க நிறுவனத்துல இருக்குற சட்டக்காரங்ககிட்ட பேப்பர் அனுப்புறதுக்கு முன்னாடி கேளுங்க. கேலிப்ரேஷன் (தப்பை அளந்து சரி பண்ற) அல்காரிதம் மாதிரி வெளிய இருந்து பாத்தா தெரியாத விஷயத்தை சில கம்பெனிங்க பேட்டண்டே போடாம ரகசியமா வச்சுக்கும், சர்க்யூட் வடிவத்தை சிப்பை உரிச்சு போட்டோ எடுத்தா தெரிஞ்சுடும்ங்கறதால அதுக்கு போடும்.

இப்ப மெஷின் லேர்னிங் வந்து டோபாலஜியே (சர்க்யூட்டோட இணைப்பு வடிவமே) உண்டாக்கிடும், இனிமே மனுஷன் எதுக்குன்னு யாராவது கேப்பாங்கன்னு தெரியும். இது என் கருத்து மட்டும்: குடுத்த சர்க்யூட்டுக்கு சைஸ் போடுறதுல மெஷின் நல்லா பண்ணுது, இன்னும் நல்லா பண்ணும், அது எனக்கு சந்தோஷம்தான், அந்த வேலை அலுப்பு. ஆனா 'மாஸை ஆம்ப்ளிஃபையரா பாக்காதே, ஸ்விட்சா பாரு'ங்குற மாதிரி கேள்வியையே மாத்துறது, கையில குடுத்த ஸ்பெக்கை தேடித் தீக்குற ஒண்ணுகிட்ட இருந்து வருமான்னு எனக்கு சந்தேகம் இருக்கு.

உங்க கடைசி வரிக்கு: மிச்சம் இருக்கு, ஆனா படிச்சா தெரியாது, ஆட வச்சு பாத்தாதான் தெரியும். இலவச சிமுலேட்டர் இருக்கு, ஸ்கைவாட்டர் ஃபேப்போட 130 நானோமீட்டர் பிராசஸ் மாடல்கள் 2020ல எல்லாருக்கும் திறந்து விட்டாச்சு. அதுல 8க்கு 1 விகிதத்துல ஒரு பேண்ட்கேப் கட்டுங்க, மாஸ் ஆப்ஆம்ப் வச்சு. மொதல்ல எல்லா ரெசிஸ்டரையும் சேத்து 20 சதவீதம் ஏத்துங்க, அவுட்புட் 5 மில்லிவோல்ட் மாதிரிதான் நகரும், 1.2 வோல்ட்ல அரை சதவீதம்கூட இல்ல, ஏன்னா கரண்ட் மாறுனது லாகரிதம் வழியா வடிகட்டிதான் வருது. அப்புறம் ஆப்ஆம்போட இன்புட்ல 3 மில்லிவோல்ட் ஆஃப்செட் (இன்புட்ல ஒட்டியிருக்குற நிலையான தப்பு வோல்டேஜ்) போடுங்க, அது அந்த 11ஆல பெருகி 33 மில்லிவோல்ட்டா வந்து நிக்கும். ரெசிஸ்டரை நம்பாம தப்பிச்சோம்னு நினைச்சா பாரம் சத்தமில்லாம ஆப்ஆம்ப் தலையில இறங்கியிருக்கு. அதை சாப்பர் (இன்புட்டை மாத்தி மாத்தி புரட்டி ஆஃப்செட்டை சராசரியில ஒழிக்கிறது) வச்சு அடிக்கலாம், ரிப்பிள் (அவுட்புட்ல சின்ன அலை) வரும். ரெண்டு ரெண்டு டிரான்சிஸ்டரா அடுக்கி வித்தியாசத்தையே பெருசாக்கலாம், சப்ளையில ஹெட்ரூம் (சர்க்யூட் வேலை செய்ய மிஞ்சுற வோல்டேஜ் இடம்) போகும். 8ஐ 64 ஆக்கலாம், பரப்பு எட்டு மடங்கு, ஆதாயம் லாகரிதத்துல ரெண்டு மடங்குதான். மூணையும் பண்ணிப் பாத்துட்டு எது எங்க கடிக்குதுன்னு எழுதுங்க, அங்க இருந்து மேல பேசலாம்.